கைப்பிடி இல்லாத மாமாவுடன் ஜார்ஜ் டவுனுக்கு

எங்கள் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். பழைய ஆங்கில நாவல்களின் கதாபாத்திரங்களை முகமாக வார்த்துச் செய்யும் பீங்கான் ஜாடிகளில் ஒன்று அவர். தடித்த புருவம், பாதி மூடிய இடது கண், தலையில் தொப்பி. அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அதனால் என் காதுகுத்தில் தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில், கைக்குட்டையை வேட்டியாகச் சுற்றி, அம்மா இவரைத்தான் வைத்தாராம். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அம்மா அன்றைய சூப்பர்வைசர் கதை முழுவதையும் அவரிடம்தான் சொல்வார்.

ஆனால் அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த ஜாடிகளில் ஆளைக் காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். மாலுமி என்றால் கயிறு, எழுத்தர் என்றால் இறகுப் பேனா. எங்கள் மாமா கைப்பிடி உடைந்த பிறகு வீட்டுக்கு வந்தவர். அதே முகத்தில் முழு ஜாடி ஒன்றை அம்மாவுக்கு வாங்கித் தர, தீபாவளிக்கு எனக்குக் கிடைத்த தொண்ணூறு வெள்ளிப் பணத்தோடு, விடுமுறையின் முதல் ஞாயிறு கிளம்பினோம். மாமா துண்டுக்குள் சுருண்டு அம்மாவின் மடியில்.

எங்கள் ஊர் சுங்கை பாக்காப்பில் காலை ஏழு மணிப் பேருந்து. பட்டர்வொர்த்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து தீவுக்குப் படகு, பெரியவர்களுக்கு இரண்டு வெள்ளி. படகுத்துறையிலிருந்து லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு வாடகைக் கார் ஒன்பது வெள்ளி. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

ஐந்தாவது கடையில் அதே புருவம், அதே கண்.

"எண்பது வெள்ளி தங்கச்சி. ஒரு கீறல் இல்லலா," என்றார் கடைக்காரர் என்னிடம். அம்மா துண்டைப் பிரித்து மாமாவைப் பக்கத்தில் வைத்தார்.

"அட, ரெட்டப் புள்ளைங்களா?"

நான் கைப்பிடியைப் பார்த்தேன். சுருட்டிய உயில், அதில் தொங்கும் சாவி. அவை வரும் நாவலைப் பள்ளி நூலகத்தில் படித்திருக்கிறேன். உயிலை மாற்றி, அக்காள் மகளின் சொத்தை விழுங்கும் தாய்மாமன் அவர்.

"ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு? யாராம்?" என்றார் அம்மா.

பொய் சொல்ல வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். இனி அம்மா அடுப்படியில் யாரிடம் பேசுவார் என்பதுதான் மனத்தில் ஓடியது.

"இந்த ஆளையா, அக்கா, வீட்டுல வச்சிருந்தீங்க?" கடைக்காரர் சிரித்தார்.

அம்மா இரண்டு முகங்களையும் பார்த்தார். கைப்பிடி உடைந்த இடத்தை விரலால் தடவினார்.

"உயிலயும் சாவியயும் தூக்கிப் போட்டுட்டுத்தானே அண்ணே எங்க வீட்டுக்கு வந்தாரு," என்றபடி மாமாவைத் துண்டில் சுற்றினார். "வா பாப்பா, பசிக்குது."

திரும்பும்போது படகில் துண்டை விலக்கி, அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: துண்டு எடுத்துச் செல்லுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் பசை தடவியிருக்கிறதா என்று பாருங்கள். முழு ஜாடிதான் வேண்டுமென்றால், நாங்கள் விட்டுவந்தவர் அந்த ஐந்தாவது கடையில் இன்னும் இருக்கலாம், சாவியோடு.