ஜெயபாலனின் ஆடாத லென்ஸ்

என் அப்பா ஜெயபாலன் ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார். என் அம்மா தனலெட்சுமியைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்தான் ஆனதாம். அதிலும் பெரும்பகுதி பலகாரத்துக்குப் போயிற்று என்று அம்மா சொல்வார்.

மலேசியாவில், செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் இருபத்தேழு வருடம் தரப் பரிசோதகராக இருந்தார். பிளாஸ்டிக் மூடிகள். ஆயிரத்தில் ஐம்பதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கீறல் பார்க்கிற வேலை. ஓய்வுபெற்ற பிறகு உலகத்தில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அப்படியே பார்த்தார். சந்தையில் தக்காளி, பக்கத்து வீட்டு வேலி, எனக்கு வந்த மாப்பிள்ளைகள். பெரும்பாலும் எல்லாம் ரிஜெக்ட்.

கூலாய்க்கு வெளியே எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பதினெட்டு வருடமாக அவர்தான் படம் எடுத்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் நீக்கவும் இல்லை. திருவிழா அன்று கழுத்தில் கேமராவோடு அவர் நடந்தால் கூட்டம் வழிவிடும். தொழிற்சாலையில் அவருக்கு யாரும் வழிவிட்டதில்லை. மூடிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அவரைத்தான் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் அந்த வழியை அவர் விடுவதாக இல்லை.

ஆனால் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இப்போது தெரிந்ததால் எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு வருடத் திருவிழாப் படங்கள் தொடர்ந்து மங்கலாக வந்ததும், கோயில் செயலாளர் வசந்தன் கூட்டத்தில் எழுந்து, "அண்ணனுக்கும் வயசாச்சு லா. இப்ப எல்லார்கிட்டயும் ஹேண்ட்போன் இருக்கு, பிள்ளைங்களே எடுத்துருவாங்க" என்று சொன்னதும்தான். அப்பா வீட்டுக்கு வந்து, பழைய லென்ஸ் சரியில்லை என்று அறிவித்தார். நான் நம்பினேன்.

அவர் கேட்டது ஒரே லென்ஸ். பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து இருநூறு வரை, கிட்டமும் தூரமும் ஒன்றிலேயே வர வேண்டும். நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் உள்ளே இருக்க வேண்டும். எனக்குச் சிங்கப்பூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. கருவி சொல்வது உண்மைதானா என்று சோதித்து, அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டுவேன். அப்படிப்பட்டவளிடம் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் கேட்டால் என்ன நடக்கும்? வரைபடங்களோடு பதினொரு பக்கம் அனுப்பினேன்.

"எல்லாத்தையும் செய்றது எதையும் ஒழுங்கா செய்யாதுப்பா. ரெண்டு லென்ஸா வாங்குங்க. கிட்டத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு. மாத்தி மாத்திப் போடலாம்."

"தீக்குழி பக்கத்துல நின்னு மாத்தச் சொல்றியா, இன்ஜினியரம்மா? சாம்பல் உள்ள போயிடும்."

"அப்போ தள்ளி நின்னு மாத்துங்க."

"நீ வந்து மாத்திக் குடு."

நான் போகவில்லை. அவர் லென்ஸ் மாற்ற மறுத்ததற்குச் சாம்பல் நல்ல காரணம்தான். உண்மையான காரணம் மோர் அண்டா. முந்தைய வருடம் லென்ஸ் மூடியைக் கழற்றும்போது அது கை நழுவி அன்னதான மோரில் விழுந்துவிட்டது. கடைசியில் வசந்தனின் குவளையில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மூடி ஏன் நழுவியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூடிகளிலேயே வாழ்ந்த மனிதர் அவர்.

ஜோகூர் பாருவில் கேமராக் கடை வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மானுக்கு இந்தப் பதினான்கு மாதமும் சோதனைக் காலம். அப்பா அடையாள அட்டையை ஈடாகக் கொடுத்துவிட்டு, விற்பனைக்கு இருந்த பழைய லென்ஸ் ஒன்றை மாதாமாதம் ஒரு நாள் எடுத்துப்போவார், ஒரே லென்ஸைப் பல தடவைகூட. மறுநாள் குறைகளை எழுதித் திருப்பித் தருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"அண்ணே, உங்க ஐசி உங்ககிட்ட இருந்ததைவிட என் கல்லாவுலதான் அதிகமா இருந்திருக்கு. போலீஸ் கேட்டா நான்தான் ஜெயபாலன்னு சொல்லிறலாம் போல."

"சொல்லுங்க பாய். ஆனா மூலை மங்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"இருநூறு வரைக்கும் போற லென்ஸு, மூலை கொஞ்சம் மங்கத்தான் செய்யும். மூலையில யாருண்ணே நிக்கப் போறா?"

அப்பா அடுத்த லென்ஸைக் கேட்டார். மூலையில் நின்றது அவர்தான். கோயில் மதிலில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. குடமுழுக்குக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள். எழுத்துக் கொத்தியவர் இடம் போதாமல் கடைசிப் பெயரைக் கீழே வலது ஓரத்தில், பொடி எழுத்தில் சொருகியிருக்கிறார்: ஜெயபாலன் குடும்பம். அப்பாவின் சோதனைப் படம் எப்போதும் அந்தப் பலகைதான். அதே தூரம், அதே தூண் ஓரம், அதே சாயங்கால வெளிச்சம். தன் பெயரைப் படிக்க முடிந்தால் லென்ஸ் பாஸ்.

நான்காவது லென்ஸில் படிக்க முடிந்தது. படங்களை எனக்கு அனுப்பினார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கை ஆட்டம் தெரிந்துவிடுகிற அளவுக்கு, பதினைந்தில் ஒரு பங்கு விநாடி ஷட்டர் திறந்திருந்தும் எழுத்து அசையவில்லை. 'நல்ல லென்ஸ், வாங்குங்கள்' என்று எழுதினேன். அலுவலகத்தில் ஒரு கருவியை அனுமதிக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அப்பா ஒருவர், நான் ஒருவர். முறைப்படிதான் நடந்தது.

ஆடியில் தீமிதி, அந்தி நேரத்தில். அதற்கு முந்தைய வருடம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒருவர் குழியின் நடுவில் தடுமாறியதால், இம்முறை ஃபிளாஷ் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கவலைப்படவில்லை. அவருடைய புதிய லென்ஸ் இருட்டிலும் ஆடாது, பளிங்கே சாட்சி. குழிக்கு எதிரே, பலகையைப் பார்த்தபடி நின்றார். கூட்டம் வழிவிட்டது. ஷட்டரைப் பதினைந்தில் ஒன்றில் வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

ஸ்டெபிலைசர் படம் எடுப்பவரின் கை ஆட்டத்தைத்தான் ஈடுகட்டும். ஓடுகிற ஆளை நிறுத்தாது. பளிங்குப் பலகை ஓடாது. தீயில் இறங்கியவர்கள் ஓடுவார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டிலும் கோயில் அற்புதமாக இருந்தது. கரித்துண்டுகளை எண்ணலாம். கூரையில் ஒரு காகம் தெளிவாக இருந்தது. தீமிதித்தவர்கள் மட்டும் மஞ்சள் தீற்றல்களாக இருந்தார்கள். அந்தத் தீற்றல்களுக்குப் பின்னால், மதிலின் கீழ் வலது ஓரத்தில், ஊசியால் எழுதியதுபோல் ஒரு பெயர்.

மறுநாள் வசந்தன் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "அலமாக்! தீ மிதிச்சவங்க ஒருத்தரையும் காணோம். அண்ணன் பேரு மட்டும் சூப்பரா தெரியுது." கீழே இருபத்தாறு சிரிப்பு முகங்கள். பிறகு ஆட்கள் தீற்றல்களுக்கு உரிமை கோர ஆரம்பித்தார்கள். ஒரே தீற்றலை மூன்று குடும்பங்கள் தங்கள் மகன் என்றன.

அன்று மாலை அப்பா எனக்குப் போன் செய்தார்.

"லென்ஸ் நல்லாதாம்மா இருக்கு. ஆளுங்கதான் ஓடுறாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "டெஸ்ட்டுக்கு நீங்க பலகையை ஓடச் சொல்லியிருக்கணும்ப்பா" என்றேன்.

அவரும் சிரித்தார். "வசந்தன்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருசம் பிள்ளைங்க எடுக்கட்டும்னு."

"நல்லதாப் போச்சு. நீங்களும் ஒரு தடவை வேடிக்கை பாருங்க."

நல்லதாப் போச்சு என்று சொன்னது நான்தான்.

பதினோரு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறை வாசலில் விழுந்தார். இருதயம். முன்பே வலி இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களில், ஒரு தீற்றலைத் தன் கணவர் என்று சொன்ன புஷ்பவள்ளி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா எடுத்ததைத்தாம்மா சட்டம் போட்டு மாட்டிருக்கோம். எங்க வீட்டுக்காரரு அதுலதான் மெலிஞ்சு தெரியறாரு" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

மறுநாள் அம்மா எனக்குக் கோப்பி கொண்டுவந்தார். அரைக் குவளைதான் இருந்தது.

"என்னம்மா, பாதிதான் இருக்கு?"

அம்மா குவளையைப் பார்த்தார். "அப்பாவுக்கு ஊத்துற பழக்கம். ரெண்டு வருசமா நெறைய ஊத்தினா கையில கொட்டிக்குவாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ பதினோரு பக்கம் அனுப்புவேன்னாரு."

மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இரண்டு வருடமாக வார இறுதிகளில் வந்து, என் எதிரே இருந்த அரைக் குவளையை நான் பார்க்கவில்லை.

அவருடைய கேமராவின் மெமரி அட்டையைக் கணினியில் திறந்தேன். சோதனைப் படங்கள் ஒழுங்காக, தொழிற்சாலை வழக்கப்படி, இரண்டு கோப்புறைகளில் இருந்தன. 'ஆன்' என்று ஒன்று. எனக்கு அனுப்பியவை. 'ஆஃப்' என்று இன்னொன்று. ஸ்டெபிலைசரை நிறுத்திவிட்டு எடுத்த முப்பத்தாறு படங்கள். அதே பலகை, அதே தூரம். ஒன்றில்கூட எழுத்து இல்லை. பெயர்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு வெறும் கோடுகளாக இருந்தன. நூறில் ஒரு பங்கு விநாடியிலும் அப்படித்தான். இருநூறில் ஒன்றிலும் அப்படித்தான். அவ்வளவு ஆட்டம். தேதிகளைப் பார்த்தேன். மாதத்துக்கு மாதம் கோடு நீண்டிருந்தது.

இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரு ரிஜெக்டைக்கூட மறைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். இந்த முப்பத்தாறை மறைத்திருக்கிறார். ஆனால் அழிக்கவில்லை. பரிசோதகர் பதிவை அழிக்க மாட்டார்.

பதினாறாம் நாள் வசந்தன் வந்தார். சாப்பிட்டு முடித்து, கை துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நெளிந்தார்.

"ரூபினி, அந்தக் கேமராவைக் கோயிலுக்குக் குடுத்தா நல்லாருக்கும்மா. போன ஆடிக்கு அப்புறம் பசங்ககிட்ட கேட்டுப் பாத்தேன். எல்லாரும் தீ மிதிக்கிறேன்றானுங்க, எடுக்க ஆள் இல்ல. அண்ணன் மாதிரி நாள் முழுக்க நிக்க யாருக்கும் பொறுமை இல்ல."

"நீங்கதானே பிள்ளைங்க எடுத்துருவாங்கன்னீங்க?"

"சொன்னேன் லா" என்று தரையைப் பார்த்தார்.

அம்மா கொடுக்கச் சொன்னார். பையை எடுத்துவந்தேன். என் கைப்பையில் அலுவலகச் சீட்டுகள் இருந்தன. சில கருவிகளை முழுதாகத் தள்ளவும் முடியாது, முழுதாக ஏற்கவும் முடியாது. அவற்றுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி, எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்று எழுதுவோம். ஒன்றை உரித்து லென்ஸின் பக்கவாட்டில் ஒட்டினேன். சோதித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். எல்லை என்ற இடத்தில் எழுதினேன்: 'நிற்பவற்றுக்கு மட்டும். ஆட்கள் ஓடினால் ஷட்டர் ஐந்நூறில் ஒன்று.'

வாங்கச் சொன்னபோது அப்பாவுக்கு நான் எழுதாத வரி அது. எழுதி முடிக்கப் பத்து விநாடி ஆயிற்று.