அது போட்ட பட்டை

பாறசாலையில் ஒரு சிறிய லேபில் சத்யபாமாவுக்குக் கிருமி வளர்க்கிற வேலை. சீழோ மூத்திரமோ வந்தால் தட்டில் தடவிச் சூட்டுப்பெட்டிக்குள் வைப்பாள். மறுநாள் ஏதாவது முளைத்திருக்கும். கொல்லயிலில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் கையை முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் அடுக்களைக்குள் நுழைவாள்.

அவள் கணவர் பொன்னப்பன் அம்பூரியில் ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர். சர்க்கரை உண்டு. வெட்டுக்கத்தி நழுவி அவருடைய குதிகாலைக் கீறியது. இங்கே மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்பார்கள்; மாநில எல்லை தாண்டிப் போனால் ஒரு கடையில் கேட்கமாட்டார்கள். அங்கே கிருமியைக் கொல்கிற மாத்திரை நாலு வாங்குவார். வலி விட்டதும் நிறுத்துவார். திரும்ப வலித்தால் வேறு நாலு.

“முழுசும் தின்னணும். பாதியில நிறுத்தினா அது எல்லாம் படிச்சுப்போடும்.”

“உனக்க கிருமி பள்ளிக்கூடம் போவுதாட்டி? வெட்டின எடத்துல மரமே திரும்பப் பட்டை போடுது. காலு போடாதா?”

புண் மூடிக்கொண்டது போலத்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தவர் கேட்டார்: “முந்திரிங்ங வாங்கினியா? மணக்குதே.”

அவர் முந்திரிங்ங என்றது திராட்சையை. வீட்டில் திராட்சை இல்லை. ஆனால் அந்தப் பழுத்த திராட்சை மணம் அவளுக்குத் தெரியும். லேபில் சில தட்டுகளைத் திறந்தால் வரும். காலின் கட்டை அவிழ்த்தாள். துணியில் பச்சை.

ஆஸ்பத்திரியில் எடுத்த சீழ் அவள் லேபுக்கே வந்தது. தட்டில் தடவி, மருந்து தோய்த்த சிறு வட்டத் தாள்களை மேலே வைத்தாள். மருந்து பலித்தால் தாளைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் இடம் வெறுமையாகக் கிடக்கும். பொன்னப்பனின் கால் அந்த வெறுமையை நம்பித்தான் இருந்தது.

மறுநாள் தட்டு முழுக்கப் பச்சை. ஒவ்வொரு தாளின் விளிம்பையும் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்தக் கிருமிக்கு, உடலைச் சுற்றிய சுவருக்கு வெளியே இன்னொரு தோல் உண்டு. அதற்கான கொழுப்பை உள்ளே செய்து, சுவரைக் கடக்கிற பாலம் போன்ற ஒரு வழியாக வெளிப்பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இடம் தப்பி ஒட்டியதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். தோலில் சின்னச் சின்ன வாசல்கள். தீனி வரும் வழியில்தான் மருந்தும் வரும். நாலு நாலாக மருந்து வர வர, வாசலைக் குறைத்துக்கொண்டவை மட்டும் மிஞ்சிப் பெருகின. நுழைந்துவிட்ட கொஞ்ச மருந்தையும் வெளியே இறைத்துத் தள்ளின. அவள் மீன் கழுவியபோதும், அவர் குறட்டை விட்டபோதும், அந்தக் காலுக்குள் சத்தமில்லாமல் வேலை நடந்திருக்கிறது. பட்டை போட்டது கால் இல்லை.

கடைசியாக, கிருமியின் அந்தத் தோலையே கிழிக்கிற ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. அதற்குள் எலும்பு அழுகிவிட்டிருந்தது. முட்டுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

“காலோட அதுவும் போச்சு, இல்லியா?” வீட்டுக்கு வந்ததும் பொன்னப்பன் கேட்டார்.

“போச்சு.”

சில நாள் கழித்துக் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. அவருடைய கட்டுத்துணிகளை அவள் அலசியது அங்கேதான். குனிந்து தண்ணீர் போகிற ஓட்டையின் மூடியை நெம்பினாள். அடியில் வழுவழுவென்று ஒரு படலம். இனிப்பாக மணம் ஏறியது.

“பாமா, முந்திரிங்ங வாங்கினியா?” அறைக்குள்ளிருந்து அவர் குரல்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைப் போட்டாள்.

“ஆமா. உங்களுக்கு சர்க்கரையாக்கும், தரமாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் பெரிய பானையில் வெந்நீர் வைக்கப் போனாள்.