வேகம் கூட்டாத பியானோக்காரர்

இரண்டாயிரத்து ஐந்தின் குளிர்காலம். நெடுங்காலம் மேடையேறாமல் கிடந்த, கறுப்பின மக்களின் ராக்டைம் தாளத்தில் அமைந்த ஓர் அமெரிக்க இசைநாடகத்துக்கு, நான் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், தேவாலய மண்டபமொன்றில் ஒத்திகை நடந்தது. குழுவாகப் பாடியவர்களில் நானும் ஒருத்தி.

பியானோ வாசித்தவர் மன்னார்க்காரர். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சுவெட்டர். வாசிக்குமுன் ஹீட்டரில் கைகளைச் சூடாக்கிக்கொள்வார். அவருக்குப் பிரெஞ்சு வராது என்று நினைத்து நான்தான் மொழிபெயர்ப்பேன்.

அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கையில், இசையை நடத்திய பெண்மணி பிரெஞ்சில் கத்தினார். இறுதிப் பாட்டை இவர் வேகமாக வாசிக்காவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பாராம்.

பியானோக்காரர் என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, அவவிட்டைச் சொல்லும். இது ஓடுற பாட்டில்லை. அடிமையா இருந்த சனம் நிமிர்ந்து நடக்கிற பாட்டு."

அவரை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, "முயற்சி செய்கிறாராம்" என்று பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன்.

"நான் சொன்னது அதில்லையே," என்றார் அவர் என்னிடம் மெதுவாக.

எனக்கு முகம் சுட்டது. இம்முறை அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சரி, ஒருமுறை வாசிக்கட்டும்," என்றார் அந்தப் பெண்மணி.

பியானோக்காரர் நிதானமாக வாசித்தார். எங்கள் கால்கள் தாமாகவே ஒன்றாக அடியெடுத்தன. அந்த நடையிலேயே நாடகம் மேடையேறியது.

பிரெஞ்சு அவ்வளவு விளங்கிய மனிதர், அதை ஏன் என் வாயால் சொல்லவைத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.