கச்சேரிக்கு என்று எடுத்துவைத்த பிளக்

என் இடது காது போனதற்கு நான் கேட்ட பாட்டுதான் காரணம் என்று ஒரு ஃபாரத்தில் அச்சடித்து, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரகடத்தில் நான் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் கம்பெனியின் எச்.ஆர். அறை அது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றி நீட்டினார். அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

போட்டால் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இருபது வருடமாக எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷத்தைக் குற்றவாளி ஆக்குவதற்கு என் கையெழுத்தையே கேட்கிறார்களே.

நான் மெட்டல் கேட்கிறவன். கருப்பு டி-ஷர்ட், கிழிக்கிற கிட்டார், தொண்டை கிழியக் கத்துகிற குரல், எல்லாம்தான். சர்ச்சில் அதைச் சாத்தான் பாட்டு என்றார்கள். என் மனைவி அதைக் கத்தல் என்பாள். கூட வேலை பார்க்கிறவர்கள், யாரைப் போட்டு அடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். இருபது வருடமாக ஒரே நக்கலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. யாருக்கும் விளக்கம் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. பிடித்திருக்கிறது, போகிறேன், அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தது பிறகுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு ரிசார்ட்டில் ஞாயிறு மதியமே தொடங்கிவிடும். அங்கே வருகிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைத் தாங்களே படம் எடுப்பார்கள். பாட்டு ஏறி ஏறி உச்சத்துக்கு வருகிற நேரத்தில் ஜூஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். மெட்டல் கூட்டம் மட்டும் என்ன யோக்கியம்? அங்கே நீ எத்தனை வருடமாகக் கேட்கிறாய் என்று ஒவ்வொருவனும் ஒரு பரீட்சை வைப்பான். நான் இரண்டு கூட்டத்தோடும் ஒட்டாமல், ஒலியைச் சரிசெய்கிறவர் உட்காரும் மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மேடைக்காரர்கள் நமக்கு என்ன கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ, அது அந்த இடத்தில்தான் கேட்கும்.

இதற்கு நடுவில் என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். காரின் கதவுக்கும் முன்மூடிக்கும் தகடு அடித்து வடிவம் கொடுக்கும் பிரஸ் லைன். பிரஸ் எனக்கு இடது பக்கம். அடி விழும்போது தரை அதிரும். தகட்டில் வெட்டுப்பட்ட சின்னத் துண்டு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பேனலிலும் பள்ளம் விழும். சிக்கிய உடனே அடியின் சத்தம் கொஞ்சம் தட்டையாகிவிடும். அதைக் கேட்டுப் பிடிக்கிற காது எனக்கு இருந்தது. ஒரே அடியில் கண்டுபிடித்து பட்டனைத் தட்டி லைனை நிறுத்திவிடுவேன். டிரம்ஸ்காரர் எந்த வெண்கலத் தட்டில் எந்த ஓரத்தில் அடிக்கிறார் என்று வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய காது அது. பாட்டு கொடுத்த காதைத்தான் கம்பெனி தின்றது.

எங்கள் சூப்பர்வைசர் மணிமங்கலத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மெட்டல் கச்சேரியில் புத்தி கெட்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றுவிட்டேன். மூன்று நாள் காதுக்குள் கீ என்று ஒரே சத்தம். திங்கட்கிழமை துண்டு சிக்கியது எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது பேனல் வீணானது. சூப்பர்வைசர் திட்டவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்.

"உன் காது கீறச்சொல்லோ எனக்கு சென்சார் எதுக்குபா? அத்த பத்தரமா பாத்துக்கோ."

அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பாகூட என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அன்றிலிருந்து காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். எப்படி என்று கேளுங்கள். கம்பெனியில் மாதம் ஒரு ஜோடி இயர் பிளக் கொடுப்பார்கள். காதுக்குள் திணித்துக்கொள்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சு. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். வாங்கி, பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கச்சேரிக்கு என்று எடுத்துவைத்துவிடுவேன். லைனில் போட்டால் அடியின் சத்தம் மாறுவது கேட்காது. ஒருமுறை போட்டுக்கொண்டு வந்து நின்றேன், லைன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சூப்பர்வைசர் வந்து என் காதைக் காட்டிச் சைகையால் எடுக்கச் சொன்னார். பாதுகாப்பு ஆடிட் வருகிற நாளில் மட்டும் போட்டால் போதும் என்றார். நானும் சரி என்றேன்.

ஆக, வருடத்துக்கு ஐந்தாறு கச்சேரிக்குக் காதை அடைத்துக்கொண்டு போனேன். வாரத்துக்கு ஆறு நாள், ஓ.டி. இருந்தால் ஏழு நாள், திறந்த காதோடு பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பிடித்த சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன், பிடிக்காத சத்தத்தை முழுசாகக் கேட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாராவது செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் ஷாப்பில் விசாரித்தால் நாலு பேர் இருப்பார்கள்.

அந்தப் பிளக்கால் நான் பட்ட அவமானமும் உண்டு. ஒரு ரிசார்ட் வாசலில் செக்யூரிட்டி என் பையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து, ஆரஞ்சுப் பஞ்சை முகர்ந்து பார்த்து, போதை மாத்திரை என்று நினைத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்து விலகினார்கள். காதில் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அப்போது ஒருத்தி தன் தோழியிடம், சத்தம் பிடிக்காதென்றால் இவர் எதற்கு வந்தார் என்று கேட்டாள். பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. கெட்ட வார்த்தையாக இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

இந்த வருடம் மெடிக்கல் செக்கப்புக்கு வேன் வந்தது. கேன்டீன் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று கண்ணாடி வழியாக டாக்டரைப் பார்த்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் கோடு ஒரு பக்கம் கீழே விழுந்திருந்தது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இடது காதில் போய்விட்டன, போனது திரும்பாது என்றார். வேறு எங்காவது சத்தத்தில் இருப்பீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், வேனின் படியில் நின்றிருந்த எச்.ஆர். அதிகாரி, இவர் ராக் கச்சேரிக்கெல்லாம் போவார் டாக்டர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அங்கிருந்துதான் அந்த ஃபாரம் பிறந்தது. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் வைத்தபோது, பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசரும் இருந்தார். கச்சேரியில் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும், பிரஸ் எனக்கு இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது, போனதும் இடது காதுதான், இதை யோசித்துப் பாருங்கள் என்றேன்.

"ஸ்டேஜுக்கு எந்தப் பக்கம் நின்னீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். மாதா மாதம் என் கையெழுத்து. கம்பெனி பிளக் கொடுத்திருக்கிறது, நீங்கள் போட்டிருக்கிறீர்கள், அப்புறம் இங்கே எப்படிக் காது போகும் என்று கேட்டார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கண்ணா என்றேன்.

"நான் டெய்லி சொல்லுவேன் சார், பிளக் போடுங்கன்னு. இவருதான் காதுல வாங்க மாட்டாரு."

பதினோரு வருடமாக என்னை வா போ என்று பேசியவர், அன்று இவரு என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் என்னை விட்டு எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. பேனாவை மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, எறிந்தேன்.

"கச்சேரிக்குப் போறப்பதான் சார் பிளக் போடுவேன். இங்கதான் போடறதில்ல. பதினோரு வருஷமா ஒரு நாளும் போட்டதில்ல, ஆடிட் அன்னிக்குத் தவிர."

அதிகாரியின் முகம் பளிச்சென்று ஆனது. போட்டதே இல்லையா என்று மறுபடி கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது சூப்பர்வைசர் மெதுவாக, நீயே வாயைக் குடுத்து மாட்டிக்கினியேபா என்றார். அவர் என் வலது பக்கம் நடந்ததால் நன்றாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். பதினோரு ஆண்டுகளாகக் காதுப் பாதுகாப்பு இல்லாமல் பிரஸ் லைனில் பணிபுரிந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள், இது கடுமையான விதிமீறல், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. முதலில் படித்தபோது காது மடல் சூடாகியது. மணிமங்கலம் தாண்டும்போது இரண்டாவது தடவை படித்தேன். அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடம் அந்தச் சத்தத்தில் காதை அடைக்காமல் நின்றேன் என்று கம்பெனியே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறது. என்னைத் தண்டிக்கிற அவசரத்தில் அந்த ஃபாரத்தை அவர்களே பொய்யாக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு திறந்தவெளி மெட்டல் கச்சேரி இருந்தது. போகாதே என்றாள் மனைவி. இதுவரை வீட்டில் கூப்பிட்டால் நான் திரும்புவதே இல்லை என்று என்னோடு சண்டை போட்டவள், காகிதத்தைப் பார்த்ததிலிருந்து என் வலது பக்கம் வந்து நின்று பேசுகிறாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கிளம்பிப் போனேன். வெயில் இறங்காத நேரம். வழக்கமான இடத்தில் நின்று, ஒரு பாட்டு முடிகிற வரை பொறுத்து, இடது பிளக்கை மட்டும் எடுத்தேன். பாஸ் நெஞ்சில் இடித்தது. கிட்டார் வந்தது. தட்டின் ஓரத்தில் குச்சி படும்போது சில்லென்று ஒன்று தெறிக்குமே, அது வரவில்லை. டிரம்ஸ்காரரின் கை மேலே போய்க் கீழே வருவது தெரிந்தது. வலது காதைக் கையால் பொத்திப் பார்த்தேன். அவர் கை மட்டும்தான் அசைந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. பக்கத்தில் நின்றவன், நான் பாட்டில் உருகிவிட்டதாக நினைத்துத் தோளைத் தட்டினான். அவன் கையைத் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை எச்.ஆர். மறுபடி கூப்பிட்டது. அதிகாரி இந்த முறை எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில், இடது பக்கம், உட்கார்ந்து ஏதோ சொன்னார். உண்மையாகவே கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். மெமோவில் டைப்பிங் மிஸ்டேக் ஆகிவிட்டது, அதைக் கொடுத்துவிடுங்கள், ஃபாரமும் வேண்டாம், எல்லாவற்றையும் இப்படியே முடித்துக்கொள்ளலாம் என்றார். அது நன்றாகக் கேட்டது. இருந்தாலும் மூன்றாவது முறையும் சொல்லவைத்தேன்.

"குடுக்க மாட்டேன் சார். உங்களுக்கு வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்."

ஷாப்புக்குத் திரும்பினேன். பையிலிருந்த ஆரஞ்சுப் பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு லைனில் நின்றேன். ஆடிட் இல்லாத ஒரு நாளில், முதல் தடவையாக. பிரஸ் எங்கோ பக்கத்து ஊரில் அடிப்பது போல இருந்தது. தகடு வந்தது, எடுத்தேன், அடுக்கினேன்.

பதினைந்து நிமிடம் இருக்கும். சூப்பர்வைசர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். யாரோ பட்டனைத் தட்டி லைனை நிறுத்தினார்கள். என் பின்னால் அடுக்கியிருந்த பேனல்களில் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம். பதினாலு இருந்தன. துண்டு சிக்கியிருக்கிறது. அவர் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டார்.

நானும் என் காதைத் தொட்டு ஆரஞ்சுப் பஞ்சைக் காட்டினேன். எடுக்கச் சொல்லிச் சைகை செய்தார். நான் எடுக்கவில்லை.