கோஸ் தீவுக்குக் கொண்டுபோன எள்ளு

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஜெர்மனியில் எங்கள் ஊரான ஹம் நிலையத்தில் ரயில் ஏறினேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு வேட்டி, தர்ப்பை, சின்னப் பித்தளைச் செம்பு, கால் கிலோ கறுத்த எள்ளு. கிரேக்கத் தீவுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாமான்கள் இவையல்ல என்று தெரியும். எங்கள் ஆட்களில் இன்னும் சிலர் இதே அலுவலாக அந்தப் பக்கம் போக நேரலாம். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அண்ணை தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வரப் புறப்பட்டவர். துருக்கியில் இருந்து போன் எடுத்து, "நாளைக்கு வள்ளத்தில கோஸ் எண்ட தீவுக்குக் கடக்கிறம். அங்க போய் எடுக்கிறன்" என்றார். பிறகு எடுக்கவில்லை. அது ஆடி அமாவாசைக்கு முதல் நாள். அவர் மனைவி, என் அண்ணி, பின்னர் வேறு வழியால் ஜெர்மனிக்கு வந்து வுப்பர்டாலில் இருக்கிறார். இத்தனை வருடமும் நெற்றியில் பொட்டு. அண்ணைக்கு நாங்கள் திதி செய்ததில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் பாவம் அல்லவா?

இந்த வருடம் அண்ணிக்குப் பென்ஷன் ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பப் பத்திரம், வந்தது. அந்தப் பத்திரத்தில் திருமணமானவரா, விதவையா என்று ஒரு கட்டத்தில் புள்ளடி போட வேண்டும். இரண்டு மாதம் மேசையில் வைத்திருந்துவிட்டு எனக்கு போன் எடுத்தார்.

"தம்பி, என்னை அந்தத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அமாவாசைக்கு அந்தக் கடலிலையே செய்வம். பொட்டையும் அந்தத் தண்ணியிலையே அழிக்கிறன். வந்து புள்ளடி போடுறன்."

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் சந்தித்தோம். பரிசோதனையில் ஒரு பெண் எள்ளுப் பொதியைத் தூக்கிப் பார்த்து, "பாண் சுடவோ?" என்று ஜெர்மனில் கேட்டார். நான் வாய் திறக்க முதல் அண்ணி "யா, யா" என்றார். அப்பால் வந்ததும், "ஓமெண்டால் விடுவாள். நீங்கள் கருமாதி விளக்கம் சொல்லி முடிக்கப் பிளேன் போயிடும்" என்று சிரித்தார். பயணம் முழுதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விமானம் மூன்றரை மணித்தியாலம். இறங்கியதும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அதை நான் மறக்காமல் செய்தேன்.

விமான நிலையம் தீவின் நடுவில் இருக்கிறது. கோஸ் நகரம் இருபத்தைந்து கிலோமீற்றர். பஸ் உண்டு, ஆனால் வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டும். அண்ணிக்குச் சீனி வருத்தம் என்பதால் டாக்சி பிடித்தேன். நாற்பத்தைந்து யூரோ. ஓட்டுநர் இளமையில் சோலிங்கனில் வேலை செய்தவர், நல்ல ஜெர்மன். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், கல்லுக் கடற்கரைக்கு ரப்பர்ச் செருப்பு வாங்குங்கள், பகல் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடையில் வெளியே திரியாதீர்கள் என்றார். மச்ச மாமிசம் சாப்பிட மாட்டோம் என்றேன். கடையில் "நிஸ்திசிமோ" என்று கேட்கச் சொன்னார், அது அவர்களின் விரதச் சாப்பாடு. நாங்கள் போன நாட்களில் அவர்களும் மாதாவுக்கு விரதம் இருந்தார்கள்.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ரேடியோவை நிறுத்தினார்.

"கடல் தந்த ஆட்களை மயானத்தின் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். பெயர் இல்லை. போகிற வழிதான். நிறுத்தவா?"

அண்ணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "நேர போகச் சொல்லுங்கோ தம்பி" என்றார்.

பின்னேரம் அறையின் பால்கனியில் நின்று பார்த்தோம். எதிரே துருக்கி மலை. ஒடுங்கிய இடத்தில் ஐந்து கிலோமீற்றர் அளவுதான் கடல். வீட்டிலிருந்து கோயிலுக்கு நான் சைக்கிளில் போகிற தூரம்கூட இல்லை.

"இவ்வளவுதானோ" என்றார் அண்ணி. பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. கோயில் நோட்டீசில் ஜெர்மன் நேரம் போட்டிருக்கும், அது தீவுக்குச் சரிவராது என்று எண்ணி, மச்சான் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய கலண்டரின் தாளைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். "அமாவாசை பகல் 12.05 வரை" என்று இருந்தது. அண்ணி விடிய ஐந்து மணிக்கே முழுகிவிட்டுப் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் கதிரையில் இருந்தார். அவசரமில்லை, வெயில் ஏறுமுன் போனால் போதும் என்றேன். நான்தான் சொன்னேன்.

பத்தரைக்குக் கடற்கரையில் நின்றோம். பின்னால் சாய்கதிரைகளில் சனம் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தது. நான் வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஹம்மில் இருக்கும் குருக்கள் போனில் மந்திரம் சொல்வதாக ஏற்பாடு. போனைச் சத்தமாக வைத்து அண்ணி கையில் கொடுத்தேன்.

"இப்ப அங்க எத்தினை மணி?" என்று குருக்கள் கேட்டார்.

"பத்தரை ஐயா. பன்னிரண்டு மட்டும் நேரம் கிடக்கு."

"ஆர் சொன்னது?"

"ஊர்க் கலண்டர்."

குருக்கள் மனக்கணக்குப் போட்டார். "தம்பி, அது ஊர் நேரம் அல்லோ. ரெண்டரை மணித்தியாலம் கழிக்க வேணும். அங்க ஒன்பதரையோட அமாவாசை போயிட்டுது." உடனேயே, "பரவாயில்லை, விடியேக்க திதி நிண்டதுதானே. செய்யலாம். பேர், கோத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

என் கையில் எள்ளு இருந்தது. அண்ணையின் பெயர் வாய்வரை வந்துவிட்டது.

"நிப்பாட்டுங்கோ தம்பி" என்றார் அண்ணி.

"ஐயா செய்யலாம் எண்டு சொல்லுறார், அண்ணி."

"நான் காலமை துவங்கிப் பாத்துக்கொண்டிருந்தனான், போறமோ போறமோ எண்டு. நேரம் தவறினது சும்மா இல்லை. அவருக்கு இது வேண்டாம். வேண்டாமெண்டு சொல்லுறவர் எங்கையோ இருக்கிறார்."

"அது என்ர பிழை. நான் கணக்குப் பாக்கேல்லை."

"உங்களை ஆர் பாக்க விடாமல் செய்தது?"

அவருக்கு அது அண்ணையின் சொல். எனக்கு அது என் மூளைக் குறைவு. அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம். கையில் ஒட்டியிருந்த எள்ளைக்கூடக் கடலில் கழுவப் பயந்து, வேட்டித் தலைப்பில் துடைத்துப் பொதிக்குள் உதறினேன்.

வியாழன் திரும்பினோம். அதுவரை அண்ணி ஒவ்வொரு பின்னேரமும் எதிர் மலையைப் பார்த்தபடி இருந்தார், பொட்டு முன்னையதைவிடக் கொஞ்சம் பெரிதாக. விமானம் ஏறும்போது, "வாற ஆடிக்கும் வருவம், என்ன?" என்றார். ஓம் என்றேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரப்பர்ச் செருப்பு அங்கேயே மலிவாகக் கிடைக்கும். நேரத்தைப் புறப்பட முதலே குருக்களிடம் தீவின் பெயர் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணி அந்தப் பத்திரத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். எந்தக் கட்டத்தில் புள்ளடி என்று நான் கேட்கவில்லை.

புரட்டாதி அமாவாசைக்கு எங்கள் ஹம் கோயிலில் தர்ப்பணத்துக்கு இருந்தேன். எள்ளு அதே பொதியில் இருந்ததுதான். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். குருக்கள் என் முகத்தைப் பார்த்து, "வேற ஆரும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை ஐயா" என்றேன்.