அம்மாவின் கல்யாணப் படம்

என் அப்பா அம்மா கல்யாணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். சொன்னால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாட்சிக்குப் படம் இருக்கிறது.

படம் எடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மலாயாவில் பெக்கோக் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் எல்லோரையும்போல பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போய் ஒரு ஜப்பான்காரரின் போட்டோ கடையில் பெட்டி தூக்கச் சேர்ந்தார். சில வருஷத்தில் மூன்று கால் வைத்த கேமராவும் கறுப்புத் துணியுமாகச் சொந்தமாகவே கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். தீபாவளிக்கு வந்தால் பெருமை தாங்காது.

"முதல் பந்தியில எனக்குத்தான்க்கா எலை. நிமிருன்னா மாப்பிள்ளை நிமிர்றான். பேசாதேன்னா சம்பந்தியம்மா வாயை மூடிக்குது. தொரைக்குக்கூட இந்த மரியாதை இல்லலா!" என்பார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போகிற இடமெல்லாம் பூவும் சந்தனமும் சிரித்த முகமுமாக இருக்கிற பிழைப்பு வேறு எது என்று கேட்பார். அது வாஸ்தவம்தான்.

ஆனால் அந்த நாளில் போட்டோக்காரரை இன்னொரு காரியத்துக்கும் கூப்பிடுவார்கள். செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, கடைசியாக ஒரு படம். அதற்கு மட்டும் மாமா யார் கூப்பிட்டாலும் போனதில்லை.

அந்த வருஷம் அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாள். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி வந்துவிட்டாள் என்று நான் குதித்தேன். இருமல் மட்டும் கூடவே வந்திருந்தது. அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியதும், மாமா கேமராவோடு வந்து இறங்கினார். வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று இருவரும் பேசினார்கள்.

"ஒரு படம் இருக்கட்டும் மாப்ள. புள்ளைக்கு நாளைக்கு மொகம் தெரியணும்ல," என்றார் அப்பா.

மாமா தோளிலிருந்த கேமராவைக் கீழே இறக்கினார். "நான் கல்யாணப் படம் மட்டுந்தான் எடுப்பேன் அத்தான்," என்றார். அப்பா கெஞ்சியும் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அவரோ விறுவிறுவென்று உள்ளே போய், "அக்கா, ஒன் கல்யாணத்துக்குத்தான் போட்டோவே இல்லையே. எந்திரி, இன்னிக்கி எடுத்துருவோம்!" என்றார்.

லயமே கூடிவிட்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கோயில் அரளியைப் பறித்து இரண்டு மாலை கட்டினாள். பெட்டிக்கு அடியிலிருந்து கல்யாணச் சேலை வந்தது. கட்டக் கட்டச் சேலை மிஞ்சிக்கொண்டே இருந்தது; பெட்டிக்குள் கிடந்து அது வளர்ந்துவிட்டதோ என்று எனக்கு ஆச்சரியம். மாலையோடு பக்கத்தில் வந்து நின்ற அப்பாவை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை இவ்வளவு கெழவரா இருக்காரே தம்பி, வேற ஆளு கெடைக்கலியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

மாமாவிடம் இருந்தது படம் பதிகிற கண்ணாடித் தகடு இரண்டே. கேமராக் கண்ணின் மூடியைத் திறந்து மூடுகிற வரை அசையக் கூடாது. முதல் தகட்டில் அம்மா இருமிவிட்டாள், அது வீண். மிச்சம் ஒன்றுதான். நானும் படத்தில் நிற்பேன் என்று அப்போது பார்த்து நான் அழ ஆரம்பித்தேன்.

"அலமாக்! கல்யாணத்துலயே பொண்ணுக்குப் புள்ள இருந்தா ஊரு என்னா சொல்லும்? நீ நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்க. அம்மா கையைப் புடிச்சுக்க. இருமல் வந்தா அம்மா அழுத்தும். ஒடனே 'மாமா'ன்னு கத்து. நான் மூடியைத் தெறக்காம நிறுத்திக்கிறேன்," என்றார் மாமா.

அம்மா இடது கையைப் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். கை சுட்டது. வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், சுடாமல் என்ன செய்யும்? அழுத்தினாள், கத்தினேன். மறுபடி அழுத்தினாள், மறுபடி கத்தினேன். மாமா முகம் சுளிக்காமல் காத்திருந்தார். அப்புறம் அந்தக் கை அப்படியே அசையாமல் இருந்தது. மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் என் விரல்கள் நொறுங்கும்படி அழுத்தினாள். "மாமா!" என்று கத்தினேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வரவே இல்லை. படம் எடுத்த பிறகும் உள்ளே ஏதோ வேலை இருக்கும்போல.

படம் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். அதில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து லேசாகச் சிரிக்கிறாள். இடது கை மட்டும் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதுகூட அந்தச் சூடு என் கையில் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனதும், லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். "எங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு! எங்கம்மாவுக்குக் கல்யாணம்!" என்று வீட்டுக்கு வீடு நின்று கத்தினேன். பெண்கள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது. இன்னும் உரக்கக் கத்தினேன்.