ஏழாம் வகுப்பின் தாழ்ப்பாள்

‘குடியிருப்போர் உளநல ஆதரவு ஒருங்கிணைப்பாளர்’ என்ற அட்டை கழுத்தில் ஆட, இரு கைகளிலும் வெந்நீர் வாளியோடு, அவர் ஒவ்வொரு கதவாகக் காலால் உதைத்துக்கொண்டே போகிறார். “உயிரோட இருக்கியா? இருந்தா ஒரு குரல் குடு, போயிடறேன்.” உளநல ஆதரவு அவ்வளவுதான்.

கட்டடம் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் அவர் இங்கே பியூன். பிள்ளைகள் வராமல் பள்ளி மூடி, போக்கிடம் இல்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாறியபோது, மேசை நாற்காலிகளோடு அவரையும் சேர்த்து ஒப்படைத்தார்கள். அவருக்கு அறை எண்கள் வாயில் நுழைவதில்லை. “ஆறாம் வகுப்பு பெருசு இன்னிக்கும் குளிக்கல” என்று எழுபது வயதுக்காரரைப் பற்றிப் புகார் சொல்வார்.

முதலில் எல்லாக் கதவுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் இருந்தது. இரண்டாம் மாதம், எட்டாம் வகுப்பிலிருந்த தையல்காரர் உள்ளே தாழிட்டுக்கொண்டு உயிரை விட்டார். கதவைப் பெயர்க்க இவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிடச் சொல்லி மறுநாளே மனு எழுதியவரும் இவர்தான். ஆயுளில் இவர் எழுதிய மனுக்களில் மேலிடம் உடனே ஏற்றது அது ஒன்றைத்தான்.

ஏழாம் வகுப்புக்கு வந்த அம்மாள் பதினோரு வருடம் மனநலக் காப்பகத்தில், வெளியே தாழிட்ட அறையில் இருந்தவர். யாரும் பூட்டிவிடக் கூடாதென்று கதவிடுக்கில் செருப்பைச் செருகிவைப்பார். திறந்த கதவு வழியே யாரும் வந்துவிடக் கூடாதென்று விடிய விடிய உட்கார்ந்திருப்பார். மூன்று வாரமாகத் தூக்கமில்லை. பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை காப்பகத்துக்கே திருப்பி அனுப்புவதாக அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

இவர் போய்த் திட்டினார். படுத்துத் தொலைக்க என்ன கேடு என்றார்.

“வெளிய தாழ்ப்பாள வச்சுக்கிட்டு எப்படிண்ணே தூங்குறது?”

“தூங்கலன்னா வெள்ளிக்கிழமை பூட்டத்தாம்மா போறாங்க.”

“பூட்டட்டும், அப்ப தூங்கிக்கிறேன்.”

அவர் வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, திருப்புளியோடு வந்து வெளித்தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் பொருத்தினார். நீளத் திருகாணிகள் நான்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு தோள் இடிக்கே பெயர்ந்து வரும்படி, அரை அங்குலத் திருகாணி இரண்டு மட்டும் முடுக்கினார். அதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.